அடர்காட்டு மான் வேட்டை: குழல் நீளம் முதலில், காலிபர் பிறகு

அடர்ந்த காட்டில் மான் வேட்டைக்கு ரைஃபிள் வாங்கும்போது பெரிய காலிபருக்கு (குண்டின் விட்டம்) கூடுதல் பணம் கொடுக்காதீர்கள். 18 முதல் 20 அங்குலக் குழலும் குறைந்த எடையும் உள்ளதாகப் பாருங்கள். ஸ்கோப்பை (ரைஃபிள் மேல் பொருத்தும் குறிநோக்கி) மிகக் குறைந்த உருப்பெருக்கத்திலேயே வைத்திருங்கள்.

மரங்களுக்கிடையே மான் பெரும்பாலும் 100 கெஜத்துக்குள்தான் தென்படும், அதுவும் சில நொடிகள். குட்டைக் குழல் கொடிகளில் சிக்காமல் தோளுக்கு ஏறும். 9 மடங்கில் வைத்த ஸ்கோப்பில் பழுப்பு ரோமம் மட்டும் தெரியும், தோளா தொடையா என்று பிடிபடாது. 2 மடங்கில் முழு உடலும் தெரியும். 1895-இல் வந்த 30-30 வின்செஸ்டர் தோட்டாவே இந்தத் தூரத்துக்குப் போதும். கனமான குண்டு புதரைத் துளைத்து நேராகப் போகும் என்பதை மட்டும் நம்பவே வேண்டாம்: விரல் பருமன் கிளை பட்டாலே எந்தக் குண்டும் திசை மாறலாம், மான் காயத்தோடு ஓடிவிடும். இடைவெளி கிடைக்கும்வரை காத்திருங்கள்.

வயலோரம், மின்கம்பித் தடம் போன்ற திறந்த வெளியில் 200 கெஜம் தாண்டிச் சுடுவதென்றால் இது பொருந்தாது. அங்கே 308 வின்செஸ்டர் தோட்டாதான் மேலானது. அமெரிக்காவில் சில மாநிலங்களின் சில பகுதிகளில், கழுத்துப் பக்கம் குறுகாத நேரான தோட்டாக்களுக்கோ ஷாட்கன்னுக்கோ மட்டுமே அனுமதி உண்டு. வாங்கும் முன் அந்த மாநில விதியைப் பார்த்துவிடுங்கள்.