நாய்க்குக் காதில் குடைச்சல், தோலில் கட்டி: கையில் கிடைத்ததைத் தடவுவதற்கு முன்

ஜூன் பிறந்து சாரல் விழ ஆரம்பித்தால் செங்கோட்டை, புளியரை, மலைக்கு அந்தப் பக்கம் ஆரியங்காவு, தென்மலை என்று எங்கே பார்த்தாலும் நாய்கள் தலையை உதறிக்கொண்டு நிற்கும். திண்ணை காய்வதில்லை, தோப்புப் புல்லில் எந்நேரமும் ஈரம். காதுக்குள் பூஞ்சை வளர இதைவிட வசதி வேண்டாம். சொறி, கொப்புளம், கட்டி எல்லாம் கண்ணில் படுவதும் இந்த மாதங்களில்தான். நம் பக்கம் மாட்டாஸ்பத்திரி, கேரளப் பக்கம் மிருகாஸ்பத்திரி, இரண்டும் எட்டுகிற தூரத்தில்தான் இருக்கின்றன. ஆனால் அங்கே போய்ச் சேர்வதற்குள் வீட்டில் மூன்று நான்கு வைத்தியம் நடந்து முடிந்திருக்கும். பல நேரம் நோயைவிட அந்த வைத்தியம்தான் பெரிய தொல்லை.

முதலில் காது. பட்ஸ் விட்டுக் குடைவதுதான் எல்லோரும் செய்கிற தவறு. நாயின் காதுக் குழாய் ‘ட’ எழுத்து மாதிரி முதலில் கீழே இறங்கி, அப்புறம் மடங்கிப் பக்கவாட்டில் உள்ளே போகிறது. செவிப்பறை இருப்பது அந்தக் கிடைக்கோட்டின் முனையில். பட்ஸ் விட்டால் மேலே இருக்கிற அழுக்கு கொஞ்சம் பஞ்சில் ஒட்டி வரும், ‘பாருங்க, எவ்வளவு வருது’ என்று நமக்கும் ஒரு திருப்தி. மிச்சமெல்லாம் மடக்கில் போய் அடைத்துக்கொள்ளும்.

அடுத்தது ஊற்றுவது. பூண்டு போட்டுக் காய்ச்சிய எண்ணெய், வினிகர், ஹைட்ரஜன் பெராக்சைடு, போன வருஷம் மிச்சமான சொட்டு மருந்து என்று ஆளுக்கொன்று சொல்வார்கள். செவிப்பறை கிழிந்திருந்தால் இதில் எதுவுமே உள்ளே போகக் கூடாது. ஜென்டாமைசின் போன்ற சில மருந்துகள் கிழிந்த செவிப்பறையைத் தாண்டிப் போனால் காதே கேட்காமல் போகலாம். அதனால்தான் டாக்டர் முதலில் விளக்கு வைத்த கருவியை விட்டு உள்ளே பார்க்கிறார். தலை ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தாலோ, நடை தள்ளாடினாலோ தொல்லை உள்காது வரை போயிருக்கலாம். அப்போது வீட்டு வைத்தியம் வேண்டவே வேண்டாம்.

காதிலிருந்து வருவதைப் பார்த்து ஓரளவு ஊகிக்கலாம். பழுப்பாக, பிசுபிசுப்பாக, புளித்த வாடையோடு வந்தால் பெரும்பாலும் மலசீசியா என்கிற பூஞ்சை. மஞ்சளாகவோ பச்சையாகவோ சீழ் வந்து, தொட்டாலே நாய் கத்தினால் பாக்டீரியா. குட்டிக்கு இரண்டு காதிலும் கருப்பாக உதிரி அழுக்கு இருந்தால் காதுச் சிலந்திப்பூச்சி (இயர் மைட் என்கிற மிகச் சிறிய பூச்சி). ஆனால் இது ஊகம்தான். பஞ்சில் கொஞ்சம் எடுத்துக் கண்ணாடிச் சில்லில் தேய்த்து, சாயம் போட்டு மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் சில நிமிடங்களில் விஷயம் தெரிந்துவிடும். பூஞ்சைக்குப் பாக்டீரியா மருந்தை வாரக்கணக்கில் ஊற்றுகிற கூத்து அதோடு முடியும். திடீரென்று ஒரே ஒரு காதை மட்டும் போட்டு உதறினால், உள்ளே புல் விதையோ உண்ணியோ புகுந்திருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள்.

சுத்தம் செய்கிற முறை இதுதான். செவிப்பறை நன்றாக இருக்கிறது என்று டாக்டர் சொன்ன பிறகு, நாய்க்கான காது கழுவும் திரவத்தைக் குழாய் நிறைய விட வேண்டும். இரண்டு சொட்டு போதாது. காதின் அடிப்பகுதியை, தாடை எலும்புக்குப் பின்னால், விரலால் அரை நிமிடம் பிசைந்தால் ‘சளக் சளக்’ என்று சத்தம் கேட்கும். கேட்டால் திரவம் மடக்கு வரை இறங்கிவிட்டது. அப்புறம் கையை எடுத்துவிட்டுத் தள்ளி நில்லுங்கள். நாய் உதறுகிற உதறலில் அழுக்கு தானே மேலே வரும் (சட்டையிலும் வரும்). மேலே வந்ததை மட்டும் பஞ்சால் துடைத்தால் போதும். வலி அதிகமாக இருக்கிற காதில் இதைச் செய்யப் போய் வளர்த்த நாயே கடித்துவிடும். கடித்தால் சோப்புப் போட்டு 15 நிமிடம் ஓடுகிற தண்ணீரில் கழுவிவிட்டு நேரே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும், வீட்டு நாய்தானே என்று இருந்துவிடக் கூடாது.

உதறி உதறி மடலில் ரத்தக் குழாய் உடைந்து, காது தலையணையாக வீங்குவதும் உண்டு. அதை ஊசியால் குத்திவிடாதீர்கள்.

காதும் தோல்தான் என்பதை நிறையப் பேர் மறந்துவிடுகிறார்கள். மருந்து போட்டுச் சரியான காது இரண்டு மாதத்தில் திரும்ப நாறினால் மருந்தைக் குறை சொல்வதற்கு முன் பாதங்களைப் பாருங்கள். விரல் இடுக்கில் முடி செம்பட்டையாக மாறியிருந்தால் நாய் அதை நக்கிக்கொண்டே இருக்கிறது என்று அர்த்தம். அக்குள், தொடை இடுக்கு சிவந்திருக்கிறதா? அப்படியானால் காது வெறும் அறிகுறி, மூலகாரணம் அலர்ஜி. தூசி, மகரந்தம், தெள்ளுப்பூச்சிக் கடி, உணவு, எதுவாகவும் இருக்கலாம். உணவு என்று சந்தேகம் வந்தால் அதுவரை நாய் சாப்பிட்டே இராத புரதம் ஒன்றை மட்டும் 8 வாரம் கொடுத்துப் பார்ப்பார்கள். நம் வீடுகளில் இது தோற்றுப்போவதற்குக் காரணம் பாட்டிகள். ‘பாவம், ஒரே ஒரு பிஸ்கட்தான் போட்டேன்’ என்பார்கள். அந்த ஒரு பிஸ்கட்டோடு கணக்கு மறுபடி முதல் நாளிலிருந்து தொடங்கும்.

இனி தோல். வயிற்றில் தட்டுப்படுகிற முலைக்காம்பை உண்ணி என்று நினைத்துப் பிடுங்கப் பார்ப்பவர்கள் இருக்கிறார்கள், ஆண் நாய்க்கும் காம்பு உண்டு என்பது தெரியாமல். வரிசையாக, இரண்டு பக்கமும் இருந்தால் அது காம்பு. முடியை விலக்கிப் பார்த்து, அடியில் குட்டிக் கால்கள் தெரிந்தால் அது உண்ணி. நெருப்பு, மண்ணெண்ணெய் எதுவும் வேண்டாம். கூர்முனை இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுத்தால் வந்துவிடும். ஆனால் உடம்பில் இருப்பது கொஞ்சம்தான். மிச்சம் சுவர் வெடிப்பிலும் கூண்டுச் சந்திலும் முட்டையாகவும் குஞ்சாகவும் இருக்கிறது. நாய்க்கு மட்டும் மருந்து போட்டுவிட்டு இடத்தை விட்டுவிட்டால் உண்ணி திரும்பத் திரும்ப வரும். காய்ச்சல், வெளுத்த ஈறு, மூக்கில் ரத்தம் எது தெரிந்தாலும் உண்ணிக் காய்ச்சலுக்கு ரத்தப் பரிசோதனை செய்ய வேண்டும்.

அரிப்போடு முடி கொட்டினால் நம் ஊரில் முதலில் வருவது ஒர்க்‌ஷாப் கரி ஆயில். இதைப் போல மோசமான வைத்தியம் வேறில்லை. நாய் அதை நக்கும், அது வயிற்றுக்குள் போகும், தோலும் வெந்துபோகும். அதற்கு அடுத்தது மெடிக்கலில் வாங்குகிற படர்தாமரைக் களிம்பு. வட்டமாகச் செதில் உதிர்வதெல்லாம் படர்தாமரை இல்லை. கொப்புளம் உடைந்த பாக்டீரியா தொற்றும் அதே வட்டத்தைத்தான் விட்டுச் செல்லும். அந்தக் களிம்புகள் பலவற்றில் ஸ்டீராய்டு வேறு இருக்கிறது. டெமோடெக்ஸ் என்கிற நுண்பூச்சியால் வந்த சொறி உள்ள குட்டிக்கு அதைத் தடவினால் சொறி உடம்பு முழுக்கப் பரவும்.

காது ஓரத்திலும் முழங்கையிலும் பொருக்குத் தட்டி, ராத்திரி தூங்காமல் சொறிகிற சொறி வேறு வகை. மடலின் ஓரத்தை விரல்களுக்கு நடுவே வைத்துத் தேய்த்துப் பாருங்கள். பின்னங்கால் தானாகச் சொறிகிற மாதிரி ஆடினால் சார்கோப்டஸ் என்கிற இன்னொரு நுண்பூச்சியாக இருக்க வாய்ப்பு அதிகம். நாயைத் தூக்குபவருக்கும் கையிலும் வயிற்றிலும் அரிக்கும். தோப்புக்காரர்கள் இதற்கு மாட்டுக்கு வாங்கி வைத்த ஐவர்மெக்டின் என்கிற பூச்சி மருந்தைக் குத்துமதிப்பாக ஏற்றுகிறார்கள். அளவு கூடினால் நாய்க்கு வலிப்பு வரும், கோலி இன நாய்க்குக் கொஞ்சம் கொடுத்தாலே ஆபத்து. டாக்டர் எழுதிய மருந்துக் குளியல் ஷாம்பு என்றால் போட்டவுடன் அலசாமல் 10 நிமிடம் ஊறவிட வேண்டும்.

கட்டிகளைப் பற்றி ஒன்றே ஒன்றுதான்: தடவிப் பார்த்து யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. வயதான நாய்க்கு விலாவில் மெத்தென்று நகர்கிற கட்டி பெரும்பாலும் கொழுப்புக் கட்டிதான். இளம் நாய்க்குப் பட்டன் அளவில் சிவப்பாக எழும்புவது இரண்டு மூன்று மாதத்தில் தானே அமுங்கிவிடுவதும் உண்டு. ஆனால் மாஸ்ட் செல் புற்று என்கிற தோல் புற்றுநோய் இந்த எல்லா வேஷமும் போடும். ஒரு நாள் வீங்கும், மறுநாள் வற்றும், பூச்சிக் கடி என்று நாமும் விட்டுவிடுவோம். மெல்லிய ஊசியில் கொஞ்சம் செல் எடுத்துப் பார்த்தால் தெரிந்துவிடும், மயக்க மருந்துகூடப் பொதுவாகத் தேவைப்படாது. பிறப்புறுப்பில் காலிபிளவர் மாதிரி தசை வளர்ந்து ரத்தம் சொட்டுவதைப் பருவம் என்று நினைத்து விடுகிறார்கள். அது இணைசேரும்போது பரவுகிற கட்டி, நம் தெரு நாய்களிடம் சகஜம். வாரம் ஒரு வின்கிறிஸ்டின் (புற்றுநோய் மருந்து) ஊசி என்று சில வாரம் போட்டால் பெரும்பாலும் முழுசாகக் குணமாகிவிடும். கத்தி வைக்க அவசரப்பட வேண்டாம்.

குளவியோ கடந்தையோ கொட்டி முகம் வீங்கி, மூச்சு வாங்கினால் உடனே வண்டியை எடுங்கள். புழு வைத்த புண்ணில் பெட்ரோல் ஊற்றாதீர்கள். வலிக்கிறதே என்று பாராசிட்டமாலோ டைக்ளோஃபெனக்கோ புரூஃபெனோ கொடுக்காதீர்கள்.

ஆஸ்பத்திரிக்குப் போகிற அன்று காதைக் கழுவாமல், தோலில் எதையும் பூசாமல் கொண்டு போங்கள், கழுவிவிட்டால் டாக்டருக்குப் பார்க்க ஒன்றும் மிஞ்சாது. கட்டியின் பக்கத்தில் ஒரு ரூபாய் நாணயத்தை வைத்துத் தேதியோடு போட்டோ எடுத்து வையுங்கள். இதுவரை தடவியது, கொடுத்தது எல்லாவற்றையும், கரி ஆயில் உட்பட, மறைக்காமல் சொல்லுங்கள். பார்டரைத் தாண்டி மருந்து வாங்குபவர்கள் சீட்டில் கம்பெனிப் பெயரோடு மருந்தின் மூலப்பெயரையும் எழுதித் தரச் சொல்வது நல்லது. ஒரு பக்கம் கிடைக்கிற பிராண்ட் மறுபக்கக் கடையில் இல்லாமல் போனாலும் அதே மருந்தைக் கேட்டு வாங்கிக்கொள்ளலாம்.