புளோக் பக்கத்துத் திடலில் ஒட்டிக்கொள்ளும் கூடைப்பந்துத் தவறுகள்

சிங்கப்பூரில் கூடைப்பந்து பழகும் பிள்ளைகளில் பலருக்கு முதல் பள்ளிக்கூடம் புளோக் பக்கத்தில் இருக்கும் திடல்தான். வெயில் தணிந்ததும் ஒரே கூடையின் கீழ் மூவருக்கு மூவர் என்று ஆட்டம் தொடங்கிவிடும். காசு செலவில்லை, ஆசையும் அங்கேதான் வளர்கிறது. ஆனால் நடுவரும் இல்லை, கடிகாரமும் இல்லை. அதனால் சில தவறுகளை யாரும் தட்டிக்கேட்பதில்லை. பள்ளி அணித் தேர்வுக்குப் போய் நிற்கும்போது அவை ஒவ்வொன்றாக வெளியே வரும்.

நான் அடிக்கடி பார்ப்பது, பந்து கைக்கு வந்ததும் காரணமே இல்லாமல் ஒரு தட்டுத் தட்டுவது. பக்கவாட்டில் நிற்கும் பையனுக்குப் பாஸ் வருகிறது. பிடித்த கையோடு ஒருமுறை தரையில் தட்டுகிறான், மறுபடி இரு கைகளாலும் பிடித்துக்கொள்கிறான். ஓர் அடிகூட நகரவில்லை, ஆனால் டிரிபிள் செய்யும், அதாவது பந்தைத் தட்டிக்கொண்டே ஓடும், வாய்ப்பு போய்விட்டது. இனி இவன் தன்னைத் தாண்டி ஓட முடியாது என்று எதிரில் நிற்பவருக்குத் தெரியும். நெருங்கி வந்து கைகளை விரித்து மறிப்பார். 5 வினாடிக்குள் பாஸோ ஷாட்டோ வராவிட்டால் பந்து எதிரணிக்குப் போய்விடும்.

பந்தைப் பிடித்ததும் முழங்காலை மடக்கி, பந்தை இடுப்போரம் வைத்துக்கொண்டு, முதலில் கூடையைப் பாருங்கள். கண் கூடையில் இருந்தால் உள்ளே வெட்டி ஓடும் நம் ஆளும் தெரிவார், உதவிக்கு ஓடிவரும் எதிராளியும் தெரிவார். ஷாட், பாஸ், டிரிபிள் மூன்றுக்கும் வழி திறந்திருக்கும் நேரம் அது. யோசித்து ஆடும் ஆட்டக்காரரை அந்த ஒரு நொடியிலேயே அடையாளம் கண்டுவிடலாம்.

இதைவிடப் பிடிவாதமான தவறு காலில் இருக்கிறது. நின்றபடி பந்தைப் பிடித்தவர் டிரிபிள் தொடங்கும்போது, பிவட் கால் (திரும்பும்போது தரையில் ஊன்றியிருக்கும் கால்) தரையைவிட்டு எழும்பும் முன்பே பந்து கையைவிட்டுப் போயிருக்க வேண்டும். இது உலகக் கூடைப்பந்துச் சம்மேளனமான ஃபீபாவின் விதி. நம் பிள்ளைகள் பலர் காலை முதலில் எடுத்துவிட்டுப் பிறகுதான் பந்தைத் தட்டுகிறார்கள். 2017இல் ஃபீபா விதிகளில், முதல் அடியைக் கணக்கில் சேர்க்காத ‘சீரோ ஸ்டெப்’ வந்தது உண்மைதான். ஆனால் அது நகர்ந்துகொண்டே பந்தைக் கைப்பற்றுபவருக்கு மட்டும். நின்று பிடித்தவருக்கு அந்தச் சலுகை கிடையாது. அமெரிக்காவின் என்பிஏ ஆட்டக் காணொளியைப் பார்த்து நடையைப் பழகினால் நடுவர் விசில் ஊதிக்கொண்டே இருப்பார். இடது கால் பிவட் என்றால், வலது காலை முன்னே வைக்கும்போதே பந்தையும் அதன் பக்கத்தில் தட்டுங்கள். இடது கால் அதற்குப் பிறகு எழும்பட்டும். மெதுவாகச் செய்து சரியாக வந்த பிறகு வேகத்தைக் கூட்டலாம்.

ஷாட் போனதும் எல்லாரும் அண்ணாந்து பந்தையே பார்த்து நிற்பது இன்னொன்று. பந்து காற்றில் இருக்கும்போதே உங்கள் ஆளைத் தேடிப் பிடித்து, முதுகால் மறித்து, இடுப்பைத் தாழ்த்தி நில்லுங்கள். அதன் பிறகு பந்தைப் பார்த்தால் போதும். உயரம் குறைந்தவர்கள் இதை உயிராகப் பழக வேண்டும். 3.05 மீட்டர் உயரத்திலிருந்து தெறித்து விழும் பந்துக்கு நல்ல இடத்தில் நிற்பவர்தான் முதலில் கை வைப்பார். மூலையிலிருந்து அடித்த ஷாட் தவறினால் பெரும்பாலும் எதிர்ப்பக்கம்தான் போகும் என்பதையும் மனத்தில் வையுங்கள்.

பாதித் திடலில் ஆடியவர்களுக்குத் திரும்பி ஓடும் பழக்கமே இருப்பதில்லை. முழுத் திடல் 28 மீட்டர். தவறிய ஷாட்டை நினைத்துத் தலையைப் பிடித்துக்கொண்டு நிற்கும் நேரத்தில் எதிரணி மறுமுனையில் ஓடிவந்து கூடையருகே லே-அப் போட்டுவிடும். மூவர் ஆட்டத்திலும் தப்பிக்க முடியாது. 2010இல் சிங்கப்பூரில் நடந்த முதல் இளையர் ஒலிம்பிக்கில் அறிமுகமான 3x3இல் ஷாட் அடிக்க 12 வினாடிதான். எதிரணியின் ஷாட் தவறிப் பந்து நம் கைக்கு வந்தால், அதைக் கூடையைச் சுற்றியுள்ள வளைகோட்டுக்கு வெளியே கொண்டுபோன பிறகே நாம் ஷாட் அடிக்கலாம். அந்த நேரத்தில் சோம்பி நிற்பவரால் அணிக்கே சேதம்.

தடுப்பாட்டத்தில் கையை நீட்டிப் பந்தைப் பறிக்கப் பார்ப்பதை விடுங்கள், காலை நகர்த்துங்கள். 5 ஃபவுல் ஆனால் வெளியே உட்கார வேண்டியதுதான். மூன்று புள்ளிக்கான 6.75 மீட்டர் கோட்டிலிருந்து எறிய ஆசை எல்லாருக்கும் உண்டு. ஆனால் பலம் வருமுன் தூரத்திலிருந்து எறிந்தால், தோளாலும் நெஞ்சாலும் தள்ளும் பழக்கம் ஒட்டிக்கொள்ளும். கூடைக்குப் பக்கத்தில் நின்று, ஒரு கையால், மணிக்கட்டு நன்றாக மடங்கும்படி தினமும் அடித்துவிட்டுப் பிறகு ஓரடி ஓரடியாகப் பின்வாங்குங்கள். இடக்கை லே-அப்பையும் இப்போதே தொடங்குங்கள். பெரிய வயதில் அதைப் பழகுவது மிகவும் சிரமம்.

திடலுக்கு வரும் அண்ணன்மாரிடம் ஒரு வேண்டுகோள். வாரத்தில் ஒரு நாள், ஒரு சுற்று ஆட்டத்தை டிரிபிளே இல்லாமல் ஆடவிடுங்கள். பந்தில்லாமல் ஓடி இடம் பிடிக்கவும், பார்த்துப் பாஸ் கொடுக்கவும் தம்பி தங்கச்சிகள் தானாகவே கற்றுக்கொள்வார்கள். டிராவலிங் (பந்தோடு காலைத் தவறாக நகர்த்துவது) நடந்தால் ‘பரவாயில்லை, ஆடு’ என்று விட்டுவிடாமல் அங்கேயே சொல்லுங்கள்.

மழை பெய்து திடல் ஈரமாக இருந்தால் ஆட வேண்டாம், வழுக்கிக் கணுக்கால் பிசகும். கீழ்த்தளத்தில் பந்து தட்டினால் மேலே குடியிருப்பவர்களுக்கு இடைஞ்சல். அதனால் அங்கே பந்தைக் கையில் வைத்துக்கொண்டே பிவட், ஜம்ப் ஸ்டாப் (இரு கால்களையும் ஒன்றாக ஊன்றி நிற்பது), பக்கவாட்டு நகர்வு ஆகியவற்றைப் பழகலாம், பத்து நிமிடம் போதும்.