ஷின்ஜுகுவில் எந்த வாசல் வழியாக வெளியே வருவது?

டோக்கியோவின் ஷின்ஜுகு ரயில் நிலையத்துக்கு 200க்கும் மேற்பட்ட வெளிவாசல்கள் இருக்கின்றன. அதனால் ரயிலில் இருக்கும்போதே எந்த வாசல் என்று முடிவு செய்துகொள்ளுங்கள். இறங்கியதும் கூட்டம் போகிற பக்கம் போகாமல், மஞ்சள் நிறப் பலகைகளை மட்டும் பாருங்கள். ஜேஆர் (ஜப்பான் ரயில்வே) நிலையத்தில் வெளியேறும் வழியைக் காட்டுபவை அவைதான்.

கடைவீதி, இரவுக் கேளிக்கைப் பகுதியான கபுகிச்சோ என்றால் கிழக்கு வாசல். வானுயர்ந்த அலுவலகக் கட்டடங்களுக்கு மேற்கு. அங்கேதான் டோக்கியோ மாநகர அரசுக் கட்டடம். அதன் 45வது மாடியில், 202 மீட்டர் உயரத்தில் இருந்து ஊரைப் பார்க்கக் கட்டணமே இல்லை. கட்டாயம் போய்ப் பாருங்கள். ஃபுஜி மலைப் பக்கம் போகிற வெளியூர்ப் பேருந்துக்கு புதிய தெற்கு வாசல். பஸ்தா ஷின்ஜுகு பேருந்து நிலையம் ஒட்டியே இருக்கிறது.

சரி, வாசல் மாறிவிட்டால்? கவலை வேண்டாம். 2020 ஜூலையில் கிழக்கையும் மேற்கையும் இணைக்கும் நடைபாதை திறந்துவிட்டார்கள். டிக்கெட் இல்லாமலே நிலையத்துக்குள் குறுக்கே நடந்து மறுபக்கம் போய்விடலாம்.

அப்புறம், இரவில் கபுகிச்சோ தெருவில் யாராவது வந்து மதுக்கடைக்கு அழைத்தால் பின்னால் போகாதீர்கள். பில் எக்கச்சக்கமாக வரும்.