டி-யை நீக்கும் முன் வீச்சைக் குறித்துக்கொள்ளுங்கள்

துணையலகுச் சமன்பாடுகளை, அதாவது எக்ஸ், ஒய் இரண்டையும் டி என்ற மூன்றாவது மாறியால் தரும் சமன்பாடுகளைப் பார்த்ததும், டி-யை நீக்கி எக்ஸ், ஒய் மட்டும் உள்ள சமன்பாட்டைப் பெற, டி-யைத் தனியாகப் பிரித்தெடுக்கத்தான் கை போகும். எக்ஸ் = டி + 3, ஒய் = டி² என்றால் அது சரி. டி = எக்ஸ் − 3 என்று பிரதியிட்டால் ஒரே வரியில் வேலை முடிந்துவிடும். ஆனால் சைன், காஸ் வந்துவிட்டால் டி-யைத் தேடிப் போகாதீர்கள். இரண்டையும் இணைக்கும் முற்றொருமையை, அதாவது டி-யின் எந்த மதிப்புக்கும் பொருந்தும் சமன்பாட்டைத் தேடுங்கள்.

எக்ஸ் = சைன் டி, ஒய் = காஸ் 2டி என்று வைத்துக்கொள்வோம். காஸ் 2டி = 1 − 2 சைன்² டி என்பது நினைவுக்கு வந்தால் போதும், ஒய் = 1 − 2எக்ஸ்² கிடைத்துவிடும். பரவளையம். இங்கேதான் நிறையப் பேர் பேனாவை மூடிவிடுகிறார்கள். சைனின் மதிப்பு −1-ஐயும் 1-ஐயும் தாண்டாதே! அதனால் கிடைப்பது முழுப் பரவளையம் அல்ல. (−1, −1)-இல் தொடங்கி (0, 1) வரை ஏறி, (1, −1)-இல் இறங்கி நின்றுவிடும் ஒரு துண்டு மட்டும்தான். டி மாற மாற, புள்ளி அந்தத் துண்டின் மேலேயே போய்ப் போய்த் திரும்பும். டி-யை நீக்கியதும் இந்தத் தகவலும் கூடவே போய்விடும். ஆகவே நீக்குவதற்கு முன்பே எக்ஸ், ஒய் இரண்டின் வீச்சையும் (எந்த மதிப்பிலிருந்து எந்த மதிப்பு வரை போகும் என்பதை) தாளின் ஓரத்தில் எழுதிவிடுங்கள்.

அப்புறம், எனக்கு மிகவும் பிடித்த ஒன்று: எக்ஸ் = டி + 1/டி, ஒய் = டி − 1/டி. கூட்டினால் 2டி, கழித்தால் 2/டி. இரண்டையும் பெருக்குங்கள்: எக்ஸ்² − ஒய்² = 4, அழகான அதிபரவளையம். டி மிகை எண் என்று கேள்வியில் இருந்தால் வலப்பக்கக் கிளையை மட்டும் வரையுங்கள்.