பழைய மாருதி 800: பிரேக்கில் ஏர் எடுப்பதற்கு முன் செய்ய வேண்டிய சோதனை

என்னுடைய 1998ஆம் ஆண்டு மாருதி 800இல் பெடல் பாதிக்கு மேல் இறங்கிய பிறகுதான் பிரேக் பிடித்தது. பிரேக் ஆயில் குழாயில் ஏர் (காற்று) புகுந்துவிட்டது என்று நானாகவே முடிவுகட்டி, ஒரே ஞாயிற்றுக்கிழமையில் மூன்று முறை ஏர் எடுத்து, அதாவது அந்தக் காற்றை ஆயிலோடு வெளியேற்றி, அரை லிட்டர் பிரேக் ஆயிலை வீணாக்கினேன். பெடல் துளியும் உயரவில்லை.

ஆகவே முதலில் இதைச் செய்யுங்கள். சமதரையில் எஞ்சினை நிறுத்தி, பெடல் எவ்வளவு இறங்குகிறது என்று பாருங்கள். பிறகு ஹேண்ட்பிரேக்கை முழுவதும் இழுத்துவிட்டு மறுபடியும் மிதியுங்கள். பெடல் இப்போது தெளிவாக மேலே நின்றால், பெரும்பாலும் குறை ஏரில் இல்லை. பின்சக்கர டிரம்முக்கும் (சக்கரத்தோடு சுழலும் உருளை) ஷூவுக்கும் (அதை உள்ளிருந்து அழுத்தும் பிறை வடிவக் கட்டை) இடையிலான இடைவெளி கூடியிருக்கிறது. முன்சக்கரத்தில் டிஸ்க்கை (சுழலும் தட்டு) இறுக்கும் பேடு தேயத் தேயப் பிஸ்டன் தானே முன்னகர்ந்து நிற்கும். டிரம்மிலோ ஸ்பிரிங் ஷூவை உள்ளே இழுத்துவிடுவதால், ஷூ இடைவெளியைச் சரிசெய்யும் அட்ஜஸ்டர் துருவேறி நின்றுவிட்டால் ஒவ்வொரு மிதிக்கும் அந்த இடைவெளியைக் கடக்கவே பெடலின் இறக்கம் செலவாகிறது. ஹேண்ட்பிரேக் ஷூவை ஏற்கெனவே விரித்துவிடுவதால் பெடல் உயர்கிறது.

நான் ஏமாந்தது வேறொரு சோதனையில். அடுத்தடுத்து நாலைந்து முறை மிதித்ததும் பெடல் உயர்ந்ததைக் கண்டு, ஏர்தான் என்று நம்பினேன். ஷூ இடைவெளி கூடியிருந்தாலும் பெடல் அப்படித்தான் உயரும். பஞ்சுபோல் அமுங்கினால் ஏர். தாழ்வாக இருந்தாலும் கெட்டியாக நின்றால் ஷூ. காலை அழுத்தி வைத்திருக்கும்போதே மெல்ல மெல்ல இறங்கினால், வெளியே கசிவு ஏதும் இல்லாத பட்சத்தில், மாஸ்டர் சிலிண்டரின் (பெடல் மிதியை ஆயில் அழுத்தமாக மாற்றும் பாகம்) ரப்பர் போய்விட்டது என்று சந்தேகிக்க வேண்டும். ஹேண்ட்பிரேக் கேபிளை இறுக்கிப் பெடலை உயர்த்துவது சிலரின் வழக்கம். அது குறையை மறைக்குமே தவிரத் தீர்க்காது.

முன்சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, ஜாக்கியை மட்டும் நம்பாமல் ஸ்டாண்டின் மேல் வண்டியை நிறுத்தி, ஹேண்ட்பிரேக்கை விடுவித்த பிறகு டிரம்மைக் கழற்றுங்கள். ஷூவின் மேல் ஒட்டிய பழைய லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கக்கூடும் என்பதால் தூசியை ஊதாமல், நனைத்துத் துடைக்க வேண்டும். ஒரு பக்கத்தை முடித்த பிறகே மறுபக்கத்தைப் பிரியுங்கள்; ஸ்பிரிங் எந்தத் துளையில் மாட்டியிருந்தது என்ற குழப்பத்துக்கு அடுத்த சக்கரமே விடை சொல்லும். வீல் சிலிண்டரின் (ஆயில் அழுத்தத்தால் ஷூவை விரிக்கும் பாகம்) ரப்பர் உறையைச் சற்றே விலக்கிப் பாருங்கள். உள்ளே ஈரம் கசிந்து நின்றால் சிலிண்டரையும், ஆயில் ஊறிய ஷூவையும் மாற்றியே ஆக வேண்டும்.

சிலிண்டரை மாற்றினால் ஏர் எடுப்பது கட்டாயம். மாஸ்டர் சிலிண்டரிலிருந்து மிகத் தொலைவில் உள்ள இடது பின்சக்கரத்தில் தொடங்குங்கள். நிப்பிளில் (ஏரை வெளியேற்றத் திறக்கும் சிறு திருகு) உள்ளே தெரியும் பிளாஸ்டிக் குழாயை மாட்டி, அதன் மறுமுனையைச் சிறிது ஆயில் உள்ள புட்டியில் அமிழ்த்துங்கள். உதவியாளர் பெடலை அழுத்திப் பிடித்திருக்கும்போது நிப்பிளைத் திறந்து, அவர் காலை எடுப்பதற்கு முன்பே மூடிவிட வேண்டும். பெடலுக்கு அடியில் ஒரு மரக்கட்டையை வையுங்கள்: பழைய மாஸ்டர் சிலிண்டரில் பிஸ்டன் வழக்கமாகப் போகாத பகுதி துருப்பிடித்திருக்கும், தரைவரை மிதித்தால் அங்கே ரப்பர் கிழியும். நிப்பிளில் மாட்டி ஆயிலை உறிஞ்சும் வேக்குவம் பம்ப் எனக்குப் பிடிக்காது. நிப்பிளின் மரை வழியே காற்றை உறிஞ்சி, முடிவே இல்லாமல் குமிழி காட்டுகிறது. டாட் 3 ஆயில் போதும்; சிலிக்கோன் வகையான டாட் 5ஐ இதனுடன் கலக்கவே கூடாது. பெயின்ட் மேல் சிந்தினால் உடனே தண்ணீர் விட்டுக் கழுவுங்கள்.

பிற்சேர்க்கை: நிப்பிள் முறிந்துவிட்டதாக இருவர் எழுதியிருந்தார்கள். முந்தைய இரவே துரு இளக்கும் எண்ணெயை விட்டு, மறுநாள் இரு முனையும் திறந்த ஸ்பேனரைத் தவிர்த்து ரிங் ஸ்பேனரால் முதலில் இம்மியளவு இறுக்கி, பிறகு தளர்த்துங்கள். அப்படியும் அசையாவிட்டால் சிலிண்டரையே மாற்றிவிடுங்கள். பின்சக்கரச் சிலிண்டர் விலை அதிகமில்லை.