பூனைப் பாம்பா, சுருட்டை விரியனா? பின்பல் பாம்புக் கடியைக் கையாளும் முறை

நம்மூரில் பின்பல் நச்சுப் பாம்பு என்றால் பெரும்பாலும் பச்சைப் பாம்பும் பூனைப் பாம்பும்தான். இவற்றின் நச்சுப்பல் மேல்தாடையின் பின்பக்கம் இருக்கும்; ஊசிபோல் உள்துளை கிடையாது, பள்ளம்தான். கவ்விப் பிடித்து மென்றால்தான் நஞ்சு சரியாக இறங்கும். அதனால் எத்தனை நேரம் கவ்வியிருந்தது என்று கேட்டு எழுதிவையுங்கள்.

1. மோதிரம், கொலுசைக் கழற்றி, கடிபட்ட கை காலை அசையாமல் வைத்து 108-ஐக் கூப்பிடுங்கள். இறுக்கிக் கட்டாதீர்கள், கீறாதீர்கள். பாம்பைத் தேடிப் போகவும் வேண்டாம். எட்ட நின்று போட்டோ கிடைத்தால் சரி.

2. சிக்கல் அடையாளத்தில்தான். பூனைப் பாம்பும் சுருட்டை விரியனும் பார்வைக்கு ஒன்றுபோலவே தெரியும். இரண்டுக்கும் கண்மணி செங்குத்து, ஆகவே கண்ணை வைத்து முடிவு செய்ய முடியாது. சுருட்டையின் செதில் சொரசொரப்பு, உடல் கட்டை, உரசினால் சரசரக்கும். பூனைப் பாம்பு வழவழப்பு, ஒல்லி. கொஞ்சம் சந்தேகம் இருந்தாலும் விரியன் கடி என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

3. மருத்துவமனையில் 20 நிமிட ரத்த உறைவுச் சோதனை. சுத்தமான, உலர்ந்த, புதிய கண்ணாடிக் குழாயில் 2 மில்லி ரத்தம். 20 நிமிடம் ஆட்டாமல் வைத்து, ஒரே ஒரு முறை சாய்க்க வேண்டும். கோட்டை விடுவது பெரும்பாலும் குழாயில்தான். உறைதலைத் தூண்டுவது கண்ணாடியின் பரப்பு. பிளாஸ்டிக் குழாயிலும், சோப்புத்தூள் போட்டுக் கழுவிய கண்ணாடியிலும் நல்ல ரத்தமே உறையாமல் ஓடும். தேவையில்லாமல் நஞ்சுமுறி (பாம்பு நஞ்சை முறிக்கும் ஊசிமருந்து) ஏற்றிவிடுவார்கள். சந்தேகமானால், கடிபடாத ஒருவரின் ரத்தத்தை அதேபோன்ற குழாயில் பக்கத்திலேயே வைத்துப் பாருங்கள். கடிபட்டவரின் ரத்தம் உறைந்தால் இதே சோதனையை முதல் மூன்று மணி நேரம் மணிக்கொரு முறை, பிறகு ஆறு மணி நேரத்துக்கொரு முறை, 24 மணி நேரம் வரை.

4. ரத்தம் உறைகிறது, இமை தொங்கவில்லை, வீக்கம் பரவவில்லை என்றால் காயத்தைக் கழுவி, டெட்டனஸ் ஊசி, வலிக்குப் பாராசிட்டமால். ஆஸ்பிரின், புரூஃபென் வேண்டாம். நம் நஞ்சுமுறி நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை நான்குக்கு மட்டுமே. பின்பல் கடிக்கு அதனால் பலனில்லை, ஒவ்வாமைதான் மிஞ்சும். ரத்தம் உறையாவிட்டால் கதை வேறு: அது விரியன்தான் என்று கொண்டு, ஒவ்வாமை வந்தால் கொடுக்க அட்ரினலினைத் தயாராக வைத்து 10 குப்பி நஞ்சுமுறி, ஆறு மணி நேரம் கழித்து மறுசோதனை.

பின்சேர்க்கை: மலைப்பக்கம் மூங்கில் குழிவிரியனும் பச்சைதான். பச்சைப் பாம்புக்குக் கூர்மூக்கு, கண்மணி கிடைமட்டம்; குழிவிரியனுக்குத் தலை முக்கோணம், கண்மணி செங்குத்து. இங்கே கண்ணை நம்பலாம்.