எகிப்திய அரசியின் கல்லறையைத் தேடுவது எப்படி

அரசியைத் தேட, முதலில் அவள் எந்த வம்சத்தைச் சேர்ந்தவள் என்று பாருங்கள். எங்கே தேடுவது என்பதை அதுதான் முடிவு செய்யும். பெரிய பிரமிடுகள் எழுந்த பழைய அரசுக் காலத்தில் அரசியரைப் பெரும்பாலும் அரசனின் பிரமிடுக்கு அருகிலேயே புதைத்தார்கள். கீசாவில் கூஃபுவின் பிரமிடுக்குக் கிழக்கே மூன்று சிறு பிரமிடுகள் நிற்பது அதனால்தான். பதினெட்டாம் வம்சத்தில் இந்த வழக்கம் மாறிவிட்டது. தீப்ஸின் (இன்றைய லக்சர்) மேற்குக் கரையில், ஒதுக்கமான மலையிடுக்குகளில் பாறையைக் குடைந்தார்கள். பின்னாளில் தானே அரசராக ஆண்ட ஹட்செப்சுட், அரசியாக மட்டும் இருந்த காலத்தில் தனக்கு வெட்டிய கல்லறையை 1916இல் தொல்லியலாளர் ஹோவர்ட் கார்ட்டர் கண்டது செங்குத்துப் பாறை முகத்தில், தரையில் அல்ல. பத்தொன்பதாம் வம்சம் என்றால் அரசியர் பள்ளத்தாக்கில் தொடங்கலாம்.

உடல் கிடைத்த இடத்தை அப்படியே நம்பாதீர்கள். கொள்ளைக்குப் பயந்து பூசாரிகள் பிற்காலத்தில் பல அரச உடல்களை இடம் மாற்றினார்கள். 1898இல் இரண்டாம் அமென்ஹோடெப்பின் கல்லறையில் கிடைத்த ஓர் உடல், மூன்றாம் அமென்ஹோடெப்பின் மனைவி டியே அரசியுடையது என்று 2010இல் வெளியான டி.என்.ஏ. ஆய்வு காட்டியது. அவளை முதலில் அடக்கம் செய்த இடம் அதுவல்ல.

அடுத்தது அனுமதி. விண்ணப்பம் எகிப்தின் தொல்பொருள் உச்ச கவுன்சிலின் நிரந்தரக் குழுவுக்குப் போகும். களத்தில் அரசு ஆய்வாளர் ஒருவர் உடனிருப்பார். 1983இன் 117ஆம் எண் சட்டப்படி கிடைப்பதெல்லாம் அரசுக்கே சொந்தம்.

பிறகு கருவிகள். மணலுக்கடியில் சேற்றுச் செங்கல் சுவர் இருக்கலாம் என்றால் காந்தப்புல மாறுபாட்டை அளக்கும் காந்தமானியை எடுங்கள். நைல் வண்டலில் செய்த செங்கல் மணலில் தெளிவாகத் தனித்துத் தெரியும். அரை மீட்டர் இடைவெளியில் கோடுகள் போட்டு நடக்க வேண்டும். பெல்ட் கொக்கி, கைபேசி, சாவி எதுவும் உடம்பில் இருக்கக் கூடாது. சுண்ணாம்புப் பாறையில் குடைந்த அறைக்கு இந்தக் கருவி அவ்வளவாக உதவாது. அங்கே தரை ஊடுருவும் ரேடாரும் மின்தடை அளவீடும் வேண்டும். ரேடாரில் அலைவரிசை குறைந்தால் ஆழம் கூடும், ஆனால் நுண்விவரம் போய்விடும். அதனால் ஒரே இடத்தை இரண்டு மூன்று அலைவரிசைகளில் அளப்பது கட்டாயம். ஈரக் களிமண்ணும் உப்பு மண்ணும் அலையை விழுங்கிவிடும்.

பலர் சறுக்குவது இங்கேதான். பாறை வெடிப்பும், பழைய வெள்ளம் கொண்டுவந்த கற்குவியலும், எதிர்ச்சுவரில் பட்டுக் காற்று வழியே திரும்பும் அலையும் திரையில் அறை போலவே தோன்றும். துட்டன்காமன் கல்லறைச் சுவருக்குப் பின்னால் அரசி நெஃபெர்டிட்டியின் கல்லறை இருக்கலாம் என்று 2015இல் எகிப்தியலாளர் நிக்கோலஸ் ரீவ்ஸ் கருதினார். முதல் ரேடார் அளவீடு அதற்குச் சாதகமாக வாசிக்கப்பட்டது, இரண்டாவது அதை உறுதிசெய்யவில்லை. 2018இல் டூரின் பொலிடெக்னிக் குழு பல அலைவரிசைகளில் அளந்து, மறைவறை இல்லை என்று முடித்தது. ஒரு குழுவின் அளவை, அதைப் பார்க்காத இன்னொரு குழு தன் கருவியால் மறுபடி எடுக்கும்வரை மண்வெட்டியைத் தொடக் கூடாது என்பது எங்கள் உறுதியான கருத்து.

கருவியை விடக் கண்ணே உதவும் இடங்களும் உண்டு. இயற்கையாக உடைந்த கல்லையும் உளி பட்ட சில்லையும் பிரித்துப் பாருங்கள். சில்லுக் குவியல் பக்கத்தில் குடைந்த வேலை நடந்ததைச் சொல்லும். தொழிலாளர் குடிசைகளின் அடித்தளமும், வாசலுக்கு முன் சிறு குழிகளில் புதைத்த அடித்தளக் காணிக்கைகளும் (சிறு கருவிகள், பானைகள்) நல்ல அடையாளங்கள். ஆனால் காணிக்கையில் உள்ள பெயர் வேலையைத் தொடங்கியவருடையது. மூன்றாம் அமென்ஹோடெப்பின் கல்லறை முன் கிடைத்தவற்றில் இருந்தது அவர் தந்தை நான்காம் துட்மோஸின் பெயர்.

வாசல் தெரிந்ததும் பெயர் சூட்டாதீர்கள், எண் மட்டும் கொடுங்கள். 2005இல் அரசர் பள்ளத்தாக்கில் தெரியவந்த கே.வி. 63இல் (அப்பள்ளத்தாக்கின் 63ஆம் எண் கல்லறை) சவப்பெட்டிகள் இருந்தன. உள்ளே உடல்கள் இல்லை, பதப்படுத்தும் பொருட்களே இருந்தன. கீசாவில் 1925இல் கிடைத்த ஹெடெபெரெஸ் அரசியின் அறையில் தளவாடங்கள் இருந்தன, மூடியிருந்த கல் பேழையை 1927இல் திறந்தபோது அதுவும் வெறுமை.

உள்ளே வெள்ள மண் இறுகிக் கிடந்தால் அவசரமே வேண்டாம். உதிர்ந்த சுவர்ப்பூச்சு அதற்குள்தான் இருக்கும். அடுக்கு அடுக்காக எடுத்து, எல்லாவற்றையும் நுண்சல்லடையில் சலியுங்கள். தீப்ஸ் மேற்குப் பள்ளத்தாக்கு ஒன்றில் 2022இல் வாசல் தெரிந்த கல்லறையை, சுற்றிலும் அரசியர் கல்லறைகள் இருந்ததால், அரசி ஒருத்தியுடையது என்றே முதலில் நினைத்தார்கள். நீலக் கூரையில் மஞ்சள் நட்சத்திரங்களும், அரசர்களுக்கே உரிய அம்துவாட் (மறுவுலகப் பயணத்தைச் சொல்லும் நூல்) காட்சிகளும் துண்டுகளாகக் கிடைத்தன. உடைந்த அலபாஸ்டர் ஜாடிகளில் இரண்டாம் துட்மோஸின் பெயர் ‘மறைந்த அரசர்’ என்ற குறிப்புடனும், கூடவே அவர் மனைவி ஹட்செப்சுட்டின் பெயரும் இருந்தன. ஆக, அது அரசியுடையதல்ல, அரசருடையது.